போர்டில் திருகோணமலை, பஸ் போனது பொலன்னறுவைக்கு

போன வைகாசியில் திருகோணமலையில் என் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். நான் இருப்பது கொழும்பு, கொட்டாஞ்சேனையில். என் மகள் வசந்தி இருப்பது வெள்ளவத்தையில், கடல் பக்கமாக ஒரு மாடி வீட்டில், நாலாவது தட்டில். மகளும் மருமகன் கமலனும், பேத்தியையும் கூட்டிக்கொண்டு போக, மூன்று நாளுக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்தார்கள். எனக்கும் அதில் ஓர் இடம் வைத்திருந்தார்கள். நான் பஸ்ஸில் போனேன். எப்படிப் போனேன், எவ்வளவு முடிந்தது, எங்கே பிழைவிட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன். என் வயதில் இருப்பவர்கள் யாராவது இதே வழியில் போக நினைத்தால் உதவும். போக வேண்டாம் என்று அவர்களை மறிக்கிற பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பது வருசத்துக்கு மேல் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி வேலை செய்தவன் நான். வெங்காயம், பருப்பு, கருவாடு என்று நான் சுமக்காதது இல்லை. அப்போதெல்லாம் இலக்கம் தெரியும், எழுத்துத் தெரியாது. எழுபது வயதுக்குப் பிறகு, எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது வாசிக்கிறேன். கைத்தொலைபேசியில் ஒற்றை விரலால் எழுதுகிறேன். இந்தக் கட்டுரையை எழுத ஒன்பது நாள் எடுத்தது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

வாசிக்கத் தொடங்கியதும் பயணக் கட்டுரைகளைத்தான் தேடித் தேடி வாசித்தேன். இலங்கையைச் சுற்றிப் பார்ப்பது பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். கார் எடுங்கள், அதுதான் வசதி என்று பலர் சொல்கிறார்கள். ஒருவர், பஸ் பயணம் வயது போனவர்களுக்குச் சரிவராது என்று எழுதியிருந்தார். அந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க எனக்கு நேரம் எடுத்தது. கோபம் வர நேரமே எடுக்கவில்லை.

ஆனால் வெள்ளவத்தையில் என் மகளும் அதையேதான் சொன்னாள். தை மாதம் புறக்கோட்டையில் ஓடத் தொடங்கிய பஸ்ஸின் மிதிபலகையில் கால் வழுக்கி விழுந்துவிட்டேன். முழங்காலில் தோல் உரிந்தது, வேறொன்றும் இல்லை. அன்றிலிருந்து வசந்திக்கு ஒரே கதைதான். கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு வந்து இருக்க வேண்டும். எங்கே போவதென்றாலும் அவர்கள் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் நாலாவது தட்டில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கடல் நல்லதுதான். அதைப் பார்த்துக்கொண்டே இருக்க நான் என்ன வெளிச்ச வீடா?

கல்யாணக் கதை வந்த அன்று வெள்ளவத்தையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அப்பா, காரில முன் சீற் உங்களுக்குத்தான்," என்றாள் வசந்தி.

"நான் பஸ்ஸில வாறன் பிள்ளை."

"என்ன விசர்க்கதை? திருகோணமலைக்கோ? இஞ்ச இருக்கிற புறக்கோட்டையிலயே விழுந்தனீங்கள்!"

"புறக்கோட்டையில விழுந்தனான். திருகோணமலையில இன்னும் விழேல்லை."

கமலன் சிரித்துவிட்டார். வசந்தி அவரை ஒரு பார்வை பார்க்க, சிரிப்பு நின்றது. பிறகு அவள்தான் சொன்னாள்: "சரி. தனியப் போங்கோ. ஒருதரும் கூட்டிக்கொண்டு வரக் கூடாது, எங்களைக் காரோட கூப்பிடக் கூடாது. பொழுதுபட முதல் மாமி வீட்டு வாசல்ல நிக்கவேணும். நிண்டால் நான் இனி ஒண்டும் கதைக்க மாட்டன். இல்லையெண்டால் கொட்டாஞ்சேனை வீட்டை வாடகைக்குக் குடுத்திட்டு எங்களோட வந்திடவேணும்."

நான் மடியில் இருந்த வீட்டுச் சாவியை எடுத்துச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். "போற அண்டைக்குக் காலமை வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில குடுக்கிறன். நீங்கள் போற வழியில வந்து எடுங்கோ. நான் வெண்டால் திருப்பித் தா. தோத்தால் நீயே வைச்சிரு," என்றேன்.

இனிப் பயணம்.

வீட்டிலிருந்து காலை ஐந்து மணிக்கு இறங்கினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்குப் பஸ்ஸில் முப்பது ரூபா. திருகோணமலைக்கு நேரே போகும் பஸ்ஸும் இருக்கிறது. நான் அதில் ஏறவில்லை. குருநாகலில் ஒருமுறையும் தம்புள்ளையில் ஒருமுறையும் இறங்கி மாறுவதாகத் திட்டம் போட்டேன். ஒரு காரணம், இந்த வயதில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கியே ஆக வேண்டும். எந்த இடத்தில் இறங்கலாம் என்று நானே முடிவு செய்தால் சாரதியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. மற்றக் காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று பஸ் என்றால் மூன்று போர்டு வாசிக்கலாம்.

வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது விளங்காது. நாற்பது வருசம் அந்த பஸ் நிலையத்துக்குள்ளேயே மூட்டையோடு திரிந்தவன் நான். ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியிலும் ஊர்ப் பெயர்கள் இருந்தன. எனக்கு அவை கோலம் போல இருந்தன. கண்டக்டர்மார் கத்துகிற சத்தத்தை வைத்துத்தான் ஏறுவேன். அன்று காலை, ஏற முன்பு, வரிசையில் நின்ற எல்லா பஸ்ஸையும் ஒரு சுற்றுச் சுற்றி வாசித்தேன். அனுராதபுரம். கண்டி. பதுளை. சிலாபம். நான் போகாத ஊர்களின் பஸ்ஸையும் விடவில்லை. ஒரு கண்டக்டர், "சீயா, எங்கேதான் போகிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். சீயா என்றால் தாத்தா. "குருநாகல்," என்றேன். "அப்படியானால் ஏன் சிலாபம் பஸ்ஸைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்?" என்றார்.

குருநாகல் பஸ் ஐந்தரைக்குப் புறப்பட்டது. முந்நூற்று நாற்பது ரூபா. ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். சாரதிக்குப் பின்னால் இரண்டாவது வரிசை, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். முன் வரிசையில் சாமிப் படமும் பாட்டுப் பெட்டியும் அதிகம். பின் வரிசையில் குலுக்கல் அதிகம். இரண்டாவதுதான் நல்லது. களனி ஆற்றைத் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. அதன் பிறகு வழியில் ஒரு பெயர்ப் பலகையையும் தவறவிடவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கினாள். எனக்குத் தூக்கம் வருமா?

குருநாகல் நிலையத்தில் பால் விடாத பிளேன்ரீயும், தின்ன இரண்டு பணிஸும். ஒன்பது மணிக்குத் தம்புள்ளை பஸ், இருநூற்றுப் பத்து ரூபா, ஐம்பத்தைந்து கிலோமீற்றர். இந்தத் துண்டில் பாதித் தூரம் நின்றுகொண்டு போனேன். பிறகு ஒரு பெண் எழும்பி இடம் தந்தார். வயது போனவர்களுக்குப் பஸ் சரிவராது என்று எழுதியவர் இதை எழுதவில்லை. காரில் யார் எழும்பி இடம் தருவார்கள்?

தம்புள்ளையில் இறங்கும்போது பதினொரு மணி. இங்கேதான் பிழை நடந்தது. இதை வாசிப்பவர்கள் கவனமாக வாசிக்க வேண்டும்.

தம்புள்ளை பஸ் நிலையத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் கத்துவார்கள். நான் யாருடைய சத்தத்தையும் கேட்கவில்லை. எனக்கென்ன, எழுத்துத் தெரியுமே! ஒரு பஸ்ஸின் நெற்றியில் திருகோணமலை என்று தமிழில் பளிச்சென்று இருந்தது. எல்லா எழுத்தும் ஒரே மூச்சில் வந்தன. அந்த பஸ்ஸின் வாசலில் தொங்கிக்கொண்டு கண்டக்டர், "பொலன்னறுவ, பொலன்னறுவ, கதுருவெல!" என்று கத்திக்கொண்டிருந்தார். பாவம், பக்கத்து பஸ்ஸுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். ஏறி உட்கார்ந்தேன்.

பஸ்ஸில் நெரிசல். கண்டக்டர் பின்னால் இருந்து டிக்கட் போட்டுக்கொண்டு வந்தார். இருபத்துநாலு கிலோமீற்றரில் ஹபரணைச் சந்தி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இந்தச் சந்தியில்தான் திருகோணமலை வீதியும் பொலன்னறுவை வீதியும் பிரிகின்றன. பஸ் வலது பக்கம் திரும்பியது. நான் சந்தியில் இருந்த பெயர்ப் பலகையை வாசிப்பதில் இருந்தேன். திருகோணமலைக்கான அம்புக்குறி எங்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சந்தி தாண்டி ஆறு கிலோமீற்றரில் கண்டக்டர் என்னிடம் வந்தார். "திருகோணமலை ஒன்று," என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் தலையில் கை வைத்தார். "அய்யோ சீயா! நான் தொண்டை கிழியக் கத்தினேனே. காது கேட்கவில்லையா?"

"கேட்டது."

"பிறகு ஏன் ஏறினீர்கள்?"

"போர்டில் திருகோணமலை என்று எழுதியிருக்கிறது."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். விஷயம் இதுதான். அது வழக்கமாகத் திருகோணமலைக்கு ஓடுகிற பஸ். அன்று பொலன்னறுவை பஸ் ஒன்று பழுதாகிவிட, அதற்குப் பதிலாக இதை விட்டிருக்கிறார்கள். போர்டை மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை, அதுதான் கண்டக்டர் கத்துகிறாரே.

எனக்குப் பக்கத்தில் துணி மூட்டையோடு ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்தார், பொலன்னறுவைக்குப் பக்கத்துக் கதுருவெலக்காரர். அவர் தமிழில் சொன்னார்: "படிச்ச ஆக்கள் எல்லாம் இப்பிடித்தான். மனிசன் வாயால கத்துறத நம்ப மாட்டாங்க. எழுதிப் போட்டிருந்தாத்தான் நம்புவாங்க."

"என்ன சொன்னீங்கள் நானா?" என்றேன். நானா என்றால் அண்ணன்.

"கோவிச்சுக்காதீங்க. படிச்ச ஆக்கள் எண்டு சொன்னன்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் சொன்னார். என் வாழ்நாளில் என்னை அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எழுத்துத் தெரியாத நாற்பது வருசத்தில் நான் ஒரு நாள்கூடப் பிழையான பஸ்ஸில் ஏறவில்லை. படித்த பிறகுதான் ஏறியிருக்கிறேன். கண்டக்டரிடம் நூற்று முப்பது ரூபா கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வீதியில் இறங்கினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இறங்கிய இடம் காடு. வீதியோரம் ஒரு மஞ்சள் பலகை இருந்தது. யானைகள் கடக்கும் இடம், கவனம் என்று வாசித்தேன். முழுதாக வாசித்தேன். வாசித்துவிட்டு, அதன் அடியில் நிற்பதா தள்ளி நிற்பதா என்று யோசித்து, கொஞ்சம் தள்ளியிருந்த இளநீர்க் கடைக்கு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. முழங்கால் தை மாதத்தை நினைவூட்டியது. சிரிப்பு மெல்ல அடங்கி, பயம் எட்டிப் பார்த்தது. பொழுதுபட முன்பு போய்ச் சேர நேரம் இருந்தது. ஆனால் பஸ் வராவிட்டால்? இந்த முழங்காலோடு எவ்வளவு நேரம் நிற்பது? நாலாவது தட்டு ஜன்னல் கண்ணில் வந்துபோனது. தொலைபேசியை எடுக்கவில்லை. இளநீர்க்காரர் கையைக் காட்டி ஒரு பஸ்ஸை மறித்துத் தந்தார். இந்த முறை ஏற முன்பே சத்தமாகக் கேட்டேன்: "ஹபரணையா?" "ஹபரணைதான் சீயா!" நாற்பது ரூபா. ஒரு மணிக்குச் சந்தியில் நின்றேன்.

சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தொலைபேசி அடித்தது. வசந்தி.

"அப்பா, எங்க நிக்கிறீங்கள்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஹபரணையில."

"ஹபரணையிலயோ? நாங்களும் ஹபரணையிலதான்! சாப்பிட நிப்பாட்டினனாங்கள். எங்க, எங்க?"

தலையைத் திருப்பினேன். எதிர்ப்பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் வெள்ளைக் கார் நின்றது. வசந்தி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்க்கிறாள். பேத்தி வீதியோரம் குந்தியிருந்து சத்தி எடுக்கிறாள். கமலன் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

வசந்தி என்னைக் கண்டுவிட்டாள். வீதியைத் தாண்ட வழியில்லை, வாகனங்கள் விடவில்லை. அங்கே நின்றே தொலைபேசியில் கேட்டாள்: "விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்ட ஆள், எட்டு மணிக்கு வெளிக்கிட்ட எங்களோட ஹபரணையில என்ன செய்யிறீங்கள்?"

"அங்க வந்து சொல்லுறன்."

"அப்பா, முகமெல்லாம் கறுத்துப்போச்சு. ஏறுங்கோ காரில."

தொலைபேசி கமலன் கைக்கு மாறியது. "மாமா, வாங்கோ. ஏசி இருக்கு. திருகோணமலைக்குக் கிட்ட இறக்கி விடுறன், அங்க இருந்து நடந்து வாங்கோ. நான் ஒருதருக்கும் சொல்ல மாட்டன்."

"நீங்கள் சொல்லமாட்டீங்கள் தம்பி. நான் சொல்லிப்போடுவன்."

உண்மையைச் சொன்னால், அந்தக் காரைப் பார்த்தபோது என் முழங்கால் அதில் ஏறிவிட்டது. மற்றப் பாகங்கள் ஏறவில்லை. ஏறினால் மெத்தை, குளிர், தண்ணீர்ப் போத்தல். ஏறினால் வெள்ளவத்தையும்தான். அந்த நேரம் ஒரு பஸ் வந்தது. போர்டை வாசித்தேன்: திருகோணமலை. கண்டக்டரிடம் கேட்டேன்: "திருகோணமலையா?" "ஓம் ஐயா, ஏறுங்கோ!" தமிழ் ஆள். பின்னால் இருந்தவரிடமும் கேட்டேன். அவரும் ஓம் என்றார். ஏறி, ஜன்னலால் கையை வெளியே நீட்டி அசைத்தேன். வசந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பேத்தி மட்டும் திருப்பிக் கை அசைத்தாள். பிள்ளைக்கு என்னோடு வர ஆசை போல இருந்தது.

ஹபரணையிலிருந்து திருகோணமலை எண்பத்தைந்து கிலோமீற்றர், முந்நூற்றுப் பத்து ரூபா. கந்தளாய்க்குக் கிட்ட வெள்ளைக் கார் எங்களை முந்தியது. அது யாருடைய கார் என்று சாரதிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதைப் பார்த்து ஒரு வசவும் விட்டேன், அன்பாகத்தான். நாலு மணிக்குத் திருகோணமலையில் இறங்கி, தங்கை வீட்டுக்கு நடந்தேன். பொழுதுபட இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. வசந்தி வாசலில் நின்றாள். முகத்தில் பாதி கோபம், பாதி நிம்மதி.

சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கதுருவெல வியாபாரி சொன்னதை இரண்டு தரம் சொன்னேன். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். வசந்தி சிரிக்கவில்லை.

"அப்ப பிழையான பஸ்ஸில ஏறித் துலைஞ்சு போனீங்கள். தோத்துப்போனீங்கள்."

"தனிய வரவேணும் எண்டுதான் கதை. நேரா வரவேணும் எண்டு கதை இல்லை."

"காட்டுக்க, யானைக்க, தனிய நிண்டிருக்கிறீங்கள்!"

"நிண்டனான். பிறகு வந்திட்டன். துலையாத ஆள் எண்டு நான் எப்ப சொன்னனான்? துலைஞ்சால் திரும்பி வரத் தெரிஞ்ச ஆள் நான்."

அவள் எழுந்து போனாள். சாவியைத் தரவில்லை. கல்யாண நாள் முழுக்கவும் தரவில்லை.

இனி, இதை வாசிக்க வந்தவர்களுக்கு நியாயமாகச் சில வார்த்தை. என் போகிற செலவு, பிழையான பஸ்ஸோடு சேர்த்து, ஆயிரத்து அறுபது ரூபா. கமலன் காருக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்தார், பெற்றோல் வேறு. கைக்குழந்தை இருந்தால், நோயாளி இருந்தால், பெட்டிகள் அதிகம் என்றால் கார் எடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கார் எடுத்தவருக்கு வீதி மட்டும்தான் தெரியும். கமலன் மூன்று நாளும் கண்ணாடிக்கு அப்பால் லொறியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போய் வந்தார். திருகோணமலையில் கார் நிறுத்த இடம் தேடி அவர் சுற்றிய நேரத்தில் நான் கோணேசர் கோயில் மலையில் ஏறி இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் போகிறவர்கள் விடியற்காலையில் வெளிக்கிடுங்கள். சில்லறை வைத்திருங்கள். ஓடத் தொடங்கிய பஸ்ஸில் ஏறாதீர்கள், இதை என் முழங்கால் சொல்கிறது. போர்டை வாசியுங்கள், வாசிக்கத் தெரிந்திருப்பது பெரிய சந்தோஷம். வாசித்த பிறகு வாயைத் திறந்து கேளுங்கள். வயது போனவர்களுக்கு என்ன சரிவரும், என்ன சரிவராது என்பதை வயது போனவர்களே எழுதட்டும். நான் எழுதிவிட்டேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை திருகோணமலை பஸ் நிலையத்துக்கு வசந்தி என்னோடு வந்தாள். வரச் சொல்லி நான் கேட்கவில்லை. கொழும்பு பஸ் ஒன்று நின்றது. நான் ஏறி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவள் கீழே நின்று போர்டைப் பார்த்தாள். பிறகு கண்டக்டரிடம் போனாள்.

"இது கொழும்புக்குத்தானே?"

"போர்டில போட்டிருக்குத்தானே அக்கா."

"போர்ட் கிடக்கட்டும். நீங்கள் வாயால சொல்லுங்கோ."

"கொழும்புதான் அக்கா, கொழும்புதான்!"

அவள் ஜன்னலுக்குக் கீழே வந்தாள். கையை உயர்த்தினாள். உள்ளங்கையில் கொட்டாஞ்சேனை வீட்டுச் சாவி. நான் வாங்கி மடியில் செருகினேன். பஸ் அசைந்தது.

"வீட்டுக்குப் போனவுடன கோல் எடுங்கோ," என்றாள்.

"நீங்கள் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்தால் எனக்கு எடு பிள்ளை," என்றேன். "காரில போறீங்கள், எனக்குப் பயமாக் கிடக்கு."